சாக்குக்குள் ஒரு தோட்டம்

நுழையும்முன்

உழவு என்றதும் வயலும் வரப்பும் நினைவுக்கு வருகின்றன. வயல் இல்லாதவரும் வரப்பைக் கண்டிராதவரும் உலகின் பெருநகரங்களில் கோடிக்கணக்கில் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் பழஞ்சாக்கு ஒன்றில் மண்ணை நிரப்பிக் கீரை வளர்க்கின்றனர். அந்தச் சாக்கால் எது முடியும், எது முடியாது என்பதைப் பேசுகிறது இக்கட்டுரை.

வாரத்தைத் தள்ளும் கீரை

கென்யத் தலைநகர் நைரோபியின் தென்மேற்கே கிபேரா என்னும் குடியிருப்பு உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் படையில் பணியாற்றிய நூபிய வீரர்கள் குடியமர்த்தப்பட்ட காட்டுப்பகுதி அது. ‘காடு’ என்னும் பொருளுடைய நூபியச் சொல்லிலிருந்தே ஊர்ப்பெயர் பிறந்தது. இன்று அங்கே காடு இல்லை. தகரக்கூரைகள் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. பன்னிரண்டு அடி நீளமும் அகலமும் கொண்ட மண்சுவர் அறைக்குள் ஒரு குடும்பமே வாழ்கிறது. நிலம் பெரும்பாலும் அரசுக்குரியது. குடியிருப்போரில் பெரும்பாலோரிடம் பட்டா இல்லை. வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் இடையே ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து. அதன் ஓரத்தில் திறந்த சாக்கடை. அச்சந்தில்தான் சாக்குத் தோட்டங்கள் நிற்கின்றன.

அங்கு மக்கள் நாள்தோறும் உண்பது உகாலி எனப்படும் மக்காச்சோளக் களியும், அதற்குத் துணையாகச் சுகுமா விகி என்னும் கீரையும் ஆகும். முட்டைக்கோசின் இனத்தைச் சேர்ந்த அக்கீரையின் பெயருக்குச் சுவாகிலி மொழியில் ‘வாரத்தைத் தள்ளு’ என்பது பொருள். கையிலிருக்கும் காசு தீர்ந்த பின்னும் வாரக்கடைசி வரை குடும்பத்தை இழுத்துச் செல்வதால் அப்பெயர் வந்தது. ‘காலத்தைத் தள்ளுகிறோம்’ என்று தமிழ்நாட்டு வீடுகளில் பேசப்படுவதைக் கேட்டவர்களுக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

2007 திசம்பரில் நடந்த தேர்தலுக்குப் பின் கென்யாவில் பெருங்கலவரம் மூண்டது. கிபேராவின் ஊடே செல்லும் இருப்புப்பாதையே பெயர்க்கப்பட்டது. கடைகள் எரிந்தன, கீரை வரத்தும் அறுந்தது. அதனையடுத்து 2008இல் பிரான்சு நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று அங்குள்ள குடும்பங்களுக்கு நாற்றுகளை வழங்கிச் சாக்கில் கீரை வளர்க்கும் முறையைப் பரவலாகக் கற்பித்தது. கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

உருளையின் கணக்கு

முறை எளியது. சாக்கின் அடியில் கற்களைப் பரப்ப வேண்டும். மேலும் கீழும் திறந்த தகரக் குவளையை நடுவில் நிறுத்தி, அதற்குள் கூழாங்கற்களையும் அதைச் சுற்றி எருவிட்ட மண்ணையும் நிரப்ப வேண்டும். பின்பு குவளையை மேலே உருவி, மீண்டும் கல்லும் மண்ணும் இட வேண்டும். இவ்வாறு வாய் வரை நிரம்பியதும் சாக்கின் நடுவே கற்றூண் ஒன்று நிற்கும். மேலே ஊற்றும் நீர் அத்தூணின் வழியே இறங்கி அடிமண் வரை கசியும். இத்தூண் இல்லாவிடில் மேல்மண் சேறாகவும் அடிமண் புழுதியாகவும் கிடக்கும். சாக்கின் பக்கங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கீறித் துளையிட்டு, துளைக்கொரு நாற்றை நடுவர். ஒரு சாக்கு ஏறத்தாழ 30 முதல் 40 நாற்றுகளைத் தாங்கும். கீழிலைகளை மட்டும் ஒடித்துக்கொண்டு செடியை வளரவிட்டால் பல மாதங்கள் வரை அறுவடை தொடரும்.

உருளையின் வளைபரப்பைப் பத்தாம் வகுப்பில் கணக்கிட்டவர்கள் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். அரை மீட்டர் விட்டமும் 80 சென்டிமீட்டர் உயரமும் உடைய சாக்கு தரையில் அடைக்கும் இடம் 0.2 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதன் வாய்ப்பரப்போடு பக்கப்பரப்பையும் கூட்டினால் நடுவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.45 சதுர மீட்டர். அதாவது ஏழு மடங்குக்கும் மேல். சுவரோரம் வைக்கப்படும் சாக்கின் பின்புறத்தில் வெயில் படாது என்பதால் நடைமுறையில் இது குறையும். குறைந்தாலும், ஒரு முக்காலி வைக்கும் இடத்தில் ஒரு பாத்தி கிடைக்கிறது. நிலமற்றவர் கண்ட இவ்வழியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

சாக்கின் எல்லை

ஆயினும் சாக்கைப் போற்றுவோர் சொல்வன அனைத்தும் மெய்யல்ல. ‘வீடு மாறினால் தோட்டத்தையும் தூக்கிச் செல்லலாம்’ என்பது அவற்றுள் ஒன்று. மேற்சொன்ன சாக்கில் ஈரமண் நிரம்பினால் எடை ஏறத்தாழ 200 கிலோ ஆகும். குடிசையைப் பிரிக்கும் வண்டி வந்து நிற்கும் நாளில் எவரும் அதனை இடுப்பில் சுமந்து செல்ல இயலாது. மொட்டைமாடியில் வைப்போர்க்கும் இவ்வெடை ஓர் எச்சரிக்கையே. தமிழ்நாட்டில் மாடித்தோட்டத்திற்கு மண்ணைக் குறைத்துத் தென்னைநார்க்கழிவைக் கலந்து சிறிய பைகளில் நிரப்பச் சொல்வது இதனாலேதான். ஈரத்தைப் பிடித்து வைக்கும் அக்கழிவு, கயிறு திரிக்கும் ஊர்களில் மலையாகக் குவிந்து கிடந்தது, இப்போது விலைபோகிறது.

மண்ணும் எளிதில் கிடைப்பதன்று. சாக்கடையோரத்திலோ பழைய மின்கலங்கள் உடைக்கப்பட்ட இடத்திலோ அள்ளிய மண்ணில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கலாம். இலைக்காய்கறிகள் அவற்றை உறிஞ்சித் தம் இலைகளில் சேர்க்கும். பசுமையாய்த் தெரியும் கீரை நஞ்சாகவும் இருக்கக்கூடும் என்பதை, நாற்றைக் கொடுக்கும்போதே சொல்லித் தருவது முறை. சாக்கின் ஆயுளும் சிறிது. நெகிழி இழையால் ஆன சாக்கு வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் நைந்து, இழை இழையாக மண்ணோடு கலந்துவிடும். சணற்கோணி மண்ணுக்குக் கேடு செய்யாது. ஆனால் அதைவிட விரைவில் மட்கிவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இடர் நீர். கிபேராவில் குடும்பங்கள் பலவும் நீரை 20 லிட்டர் கலன்களில் விலைக்கு வாங்குகின்றன. தரையில் உள்ள பாத்தி நிலத்தடியிலிருந்து சிறிதேனும் ஈரம் பெறும். நாற்புறமும் காற்றுப்படும் சாக்கு நாள்தோறும் காயும். எனவே அரிசியோ பயறோ அலசிய நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவற்றைச் சாக்கில் ஊற்றுகின்றனர். புழக்கடை வாழைக்கும் அவரைப் பந்தலுக்கும் தமிழ் வீடுகள் செய்த வேலைதான் அது. ஆனால் சலவைத்தூள் கரைந்த நீர் மண்ணைக் கெடுக்கும். நீரின் விலை ஏறும் மாதத்தில் குடிநீருக்கும் கீரைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலை ஏற்படுகிறது. அப்போது வாடுவது கீரையே.

மேலும், சாக்கு தருவது கீரையை மட்டுமே. சத்துக்குறைவைப் போக்குவதில் கீரையின் பங்கு பெரிது. நாள்தோறும் கீரைக்குச் செலவாகும் சில்லறை மிஞ்சுவதும் ஏழைக்குச் சிறிதன்று. ஆயினும் வயிற்றை நிரப்பும் மக்காச்சோள மாவைக் கடையில்தான் வாங்க வேண்டும். ‘சாக்குத் தோட்டம் பசியை ஒழிக்கும்’ என்று மேடையில் முழங்குவோர் களியை விட்டுவிட்டுத் துணைக்கறியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர்.

இரு பொருள் தரும் சொல்

தமிழில் ‘சாக்கு’ என்னும் சொல்லுக்குப் பை என்றும் போலிக்காரணம் என்றும் இரு பொருள் உண்டு. இத்தோட்டத்தைப் பற்றிய பேச்சில் முதற்பொருள் மெல்ல இரண்டாம் பொருளாகிவிடுகிறது. ‘இடமில்லாதவரும் சாக்கில் விளைவித்துக்கொள்ளலாமே’ என்று சொல்லிவிட்டால், அவர்களுக்கு இடம் ஏன் இல்லை என்னும் வினா எழாமலே போய்விடும். குழாய்நீர் ஏன் வரவில்லை என்பதும் பேசப்படாது. ஏழையின் கைத்திறனைப் புகழ்வது செலவில்லாத செயல். அவருக்கு நீரிணைப்புக் கொடுப்பது செலவுள்ள செயல்.

இதற்கு மாறான வழியும் உண்டு என்பதைக் கியூபா காட்டியது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்நாட்டிற்கு வந்த எரிபொருளும் உரமும் பெரிதும் குறைந்தன. வெளியூர்க் காய்கறியை லாரியில் கொண்டுவர வழியின்றி அவானா நகரம் திணறியது. அப்போது நகருக்குள் தரிசாகக் கிடந்த மனைகளைப் பயிரிட விரும்பியவர்களிடம் அரசே ஒப்படைத்தது. மண் கெட்டிருந்த இடங்களிலும் தளம் பாவிய இடங்களிலும் தொட்டிப்பாத்திகள் கட்டி மட்கெருவை நிரப்பினர். அங்கும் கொணர்ந்த மண்தான். ஆனால் அதன் அடியில் பயிர் செய்வோர்க்கு உரிமையுடைய இடம் இருந்தது.

கென்யாவிலும் மாற்றம் இல்லாமலில்லை. பசியின்றி வாழ்வதும் போதிய தூயநீர் பெறுவதும் குடிமக்களின் உரிமை என 2010இல் ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 43ஆம் உறுப்பு கூறுகிறது. நகர வேளாண்மையை ஊக்குவித்து நெறிப்படுத்தும் சட்டத்தை நைரோபி மாவட்ட அரசு 2015இல் இயற்றியது. சந்தில் கீரை வளர்ப்பவர் அதிகாரிக்கு அஞ்ச வேண்டியவர் அல்லர் என்று எழுத்தில் வந்ததே பெரிதுதான். எழுத்து குழாயில் நீராக இறங்கும் வரை கிபேராவின் பெண்கள் கலனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பர்.

தமிழ்நாட்டின் பெருநகரங்களுக்கும் இது அயலார் செய்தியன்று. நைரோபி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த நகரம். அங்கு வளரும் சுகுமா விகி சென்னை வெயிலில் செழிக்காது. அதற்கு ஈடாகக் கொடிப்பசலையையும் பொன்னாங்கண்ணியையும் புதினாவையும் பக்கத்துளைகளில் ஊன்றலாம்; வாய்ப்பகுதியில் கத்தரியோ மிளகாயோ காய்க்கும். தோட்டக்கலைத் துறையும் வளர்பைகள், தென்னைநார்க்கழிவு, விதைகள் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் வழங்கி வந்துள்ளது. வரவேற்கத்தக்க செயல் அது. ஆனால் மாடித்தோட்டம் என்னும் பெயரே மாடி உடையவரை மனத்திற்கொண்டது. காய்கறி விலை ஏறும்போது முதலில் கீரையைக் குறைப்பவர் ஒற்றையறை வாடகை வீட்டில் இருக்கிறார். அல்லது நகரின் விளிம்பில் பல மாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுத்தளத்தில் இருக்கிறார். அவர்க்குப் பையையும் விதையையும் கொடுப்போர், பொதுமாடியின் ஒரு பகுதியையும் நீர்த்தொட்டிக் குழாயொன்றையும் அவர் பயன்பாட்டுக்கென எழுதிக் கொடுப்பதே நேரிய செயலாகும். இப்போதைக்கு மாடிக்கதவின் சாவி பெரும்பாலும் வேறொருவரின் இடுப்பில் தொங்குகிறது.