குத்தகை வீடும் ஒரு மிளகும்

இலண்டனில் தொடர்மாடி வீடு வாங்கிய நம் உறவினர் பலர், உறுதி கையில் இருப்பதால் வீடு என்றென்றும் தமதே என்று எண்ணி அமைந்துவிடுகின்றனர். இங்கிலாந்திலே அத்தகைய வீடுகளுட் பெரும்பாலானவை நெடுங்காலக் குத்தகையாகவே விற்கப்பட்டவை. ஆண்டுகள் கழியக் கழிய வீட்டின் விலையும் தேயும். வங்கிகளும் கடன் கொடுக்கத் தயங்கும்.

1993ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பரிகாரம் தந்தது. தகுதியுடைய குத்தகையாளர் தக்க விலை கொடுத்து, எஞ்சிய காலத்தோடு 90 ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது அது. அதன்பின் நிலவாடகை ‘ஒரு மிளகு’ மாத்திரமே, அஃதாவது, ஒன்றுமில்லை. நம் அடுக்களை மிளகு ஆங்கிலச் சட்டத்தில் இடம்பிடித்தவாறு இது!

ஆயினும், எஞ்சிய காலம் 80 ஆண்டுகளுக்குக் குறைந்துவிட்டால், நீடிப்பால் உயரும் மதிப்பிற் பாதியையும் நிலவுடைமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இப்பாதியை நீக்கவும், 990 ஆண்டு நீட்டவும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்துள்ளது. அப்பிரிவுகள் நடைமுறைக்கு வந்தனவா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்தே முடிவு செய்தல் நன்று.

மாணவர்களே, இலண்டன் மாமாவுடன் அடுத்தமுறை தொலைபேசியிற் பேசும்போது, உறுதியில் எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை என்று கேளுங்கள். 81 என்று விடை வருமாயின், அவரை அன்றே எழுந்து நடக்கச் சொல்லுங்கள் என்போம்.