பந்தைக் கொடுக்கக் கற்பித்த ஆசிரியர்



அஸர் தொழுதுவிட்டுக் கிண்ணியாக் கடற்கரைப் பக்கமாக வரும்போது, சிறுவர்கள் வெறுங்காலுடன் பந்தடிப்பதைப் பார்ப்பேன். பந்து கிடைத்தவன் எவனுக்கும் கொடுக்க மாட்டான்; பறிபோகும் வரை தானே ஓட்டிப் போவான். அப்போதெல்லாம் ஹைதராபாத் மர்ஹூம் ஸையத் அப்துர் ரஹீம் நினைவுக்கு வருவார். பந்தடி பிள்ளையைக் கெடுக்கும் என்று முறையிடும் உம்மாமாருக்கும் அவர் கதையைத்தான் சொல்வேன்.

அவர் பள்ளிக்கூட ஆசிரியர். இந்திய உதைபந்தாட்ட அணியின் பயிற்றுவிப்பாளரான பிறகும் மக்களுக்கு அவர் 'ரஹீம் ஸாஹிப்' தான். பந்தைத் தனியே ஓட்டிச் செல்லக் கூடாது என்ற விதியோடு போட்டி நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் ஒரு போட்டி வைத்தார். இடது கால் வராது என்னும் பிள்ளைக்கு வேறென்ன மருந்து? (நானும் என் மாணவர்களை வராத பாடத்தையே முதலில் ஓத வைப்பேன். முகம் சுளிப்பார்கள்.)

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவரது அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நான்கே ஆண்டுகளில், மெல்பர்னில், அவர் அணி நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அவர் போனது புற்றுநோயோடு. தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவிட்டார். இறுதியாட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1, தங்கம் கிடைத்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11இல், ரஹீம் ஸாஹிப் வஃபாத்தானார். வயது 53. ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத் தங்கம் அதன்பின் இந்தியாவுக்குக் கிடைக்கவேயில்லை.