வைத்தியர் பக்கம்: வேரைப் பார்த்து மரம் வாங்குங்கள்



சென்ற வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓர் இளம் தம்பதியர் அருகில் வந்து அமர்ந்தனர். வழக்கம்போலப் பிள்ளையின் இருமல் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். "டொக்டர் மாமா, புது வீட்டுக்குக் குடிபோயிட்டம். வளவுக்குள்ள ஒரு அப்பிள் மரம் வைக்க ஆசை. எப்பிடிப் பாத்து வாங்குறது?" என்றார்கள். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய எனக்கு இது புதிய கேள்விதான். ஆனாலும் இதில் ஓர் அனுபவம் உண்டு. அது நட்டப்பட்டுப் பெற்ற அனுபவம்.

2009ஆம் ஆண்டு என் மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்தாள். அதன் நினைவாக வீட்டின் பின்புறம் ஒரு செரி மரம் நட்டோம். கடையில் இருந்தவற்றுள் மிக உயரமானதை, பூ நிறைந்ததைத் தெரிந்தெடுத்தேன். சாடியைக் கழற்றியபோது மண் சாடியின் வடிவத்திலேயே இறுகி நின்றது. நல்ல வேர்ப்பிடிப்பு என்று மகிழ்ந்து அப்படியே குழியில் இறக்கிவிட்டேன்.

மரம் வளர்ந்தது, காய்த்தது. 2022 பெப்ரவரியில் 'செய்னெப்' புயல் அடித்த இரவு அடியோடு சாய்ந்தது. அயல் வீட்டுக் கூரை மயிரிழையில் தப்பியது. காலையில் வேரைப் பார்த்துத் திகைத்துப் போனேன். 12 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னும் தடித்த வேர்கள் அந்தச் சாடியின் வட்டத்திலேயே சுற்றிக் கிடந்தன. ஒரு வேர் அடிமரத்தையே கயிறுபோல இறுக்கியிருந்தது. மகள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். முகத்தை மட்டும் பார்த்து "சுகமாக இருக்கிறீர்கள்" என்று நோயாளியை அனுப்பிவிடும் வைத்தியனை என்னவென்பீர்கள்? மரத்தின் விடயத்தில் நான் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

இந்நாட்டில் நாற்றுமேடையைப் 'பௌம்சூலே' என்பார்கள். மரங்களின் பள்ளிக்கூடம் என்று பொருள். பிள்ளைகளை வகுப்பேற்றுவதுபோல, அங்கே கன்றுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளப்பி, வேரை அளவாக வெட்டி, வேறிடத்தில் நடுகிறார்கள். இதனால் அடிமரத்துக்கு அண்மையிலேயே சல்லிவேர்கள் பெருகும். பெரிய மரங்களுக்கு எத்தனை முறை இப்படி இடம் மாற்றப்பட்டன என்று சீட்டில் குறித்திருப்பார்கள். முறையாகப் பலமுறை மாற்றி நட்ட மரமே புதிய இடத்தில் விரைவாக வேர்பிடிக்கும். இடம்பெயர்ந்து வந்து இங்கே வேர்விட்ட நமக்கு இது விளங்காத செய்தியல்ல.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. சாடியில் உள்ள கன்றாயின் சாடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். தடித்த வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால் வேண்டாம். கறுத்து, மெதுமெதுத்து, அழுகல் மணம் வீசினாலும் வேண்டாம்.

2. அடிமரம் மண்ணைத் தொடுமிடத்தில் சற்று விரிந்து வேராகப் பிரிவது தெரிய வேண்டும். மின்கம்பம்போல நேரே மண்ணுக்குள் இறங்கினால் ஆழமாகப் புதைத்திருக்கிறார்கள் என்று அறியுங்கள்.

3. தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள். மண்கட்டியும் சேர்ந்து அசைந்தால் நல்லது. தண்டு மட்டும் ஆடினால் வேர்ப்பிடிப்பு இல்லை.

4. இலையுதிர்ந்த பின் மண்ணில்லாமல் வெறும் வேரோடு விற்கும் கன்றுகள் விலை குறைந்தவை. வேர் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால் ஏமாறவும் இடமில்லை. சல்லிவேர் நிறைந்து, ஈரம் காயாமல் இருக்க வேண்டும். துளிர் விடுமுன், நிலம் உறையாத நாளில் நட்டுவிட வேண்டும்.

5. அப்பிள் மரம் வேறொரு வேர்க்கன்றில் ஒட்டப்பட்டது. அந்த வேர்க்கன்றின் பெயரைக் கேளுங்கள். 'எம் 9' என்றால் மரம் சிறிதாகவே நிற்கும். ஆனால் வேர்ப்பலம் குறைவு என்பதால் ஆயுள் முழுவதும் முட்டுக்கம்பு வேண்டும்.

நடும்போது குழி அகலமாக இருக்கட்டும். ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். சுற்றிய சிறு வேர்களைக் கத்தரித்து வெளிப்புறமாக விரித்து விடுங்கள். துணியில் கட்டிய மரமாயின் அடிமரத்தைச் சுற்றிய முடிச்சை அவிழ்த்து விடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். முதலிரு கோடைகளிலும் நாளுக்கொரு குவளை தெளிப்பதைவிட, வாரத்தில் ஓரிரு முறை வேர்வரை இறங்கும்படி வாளி வாளியாக ஊற்றுவதே சிறந்தது.

வைத்தியர் பக்கம் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன். மண்வேலையில் படும் சிறு கீறலாலும் ஏற்புவலி வரக்கூடும். வளர்ந்தவர்கள் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துத் திகதியைப் பாருங்கள்.

2022 நவம்பரில் மகளும் நானும் மீண்டும் ஒரு மரம் வாங்கப் போனோம். நான் வழக்கம்போலக் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து வேரைப் பார்த்தாள். அவள் தெரிந்தெடுத்த, தோளுயரம்கூட இல்லாத வெறும்வேர்க் கன்றைத்தான் நட்டோம்.

அடுத்த மடலில் சந்திப்போம்.