வேலிக்கு ஒரு விதி, மதிலுக்கு ஒரு விதியா?

“வேலி அரக்குதல்” என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கமக்காரன் எவனுக்கும் பொருள் சொல்லத் தேவையில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்பொழுது கதியால் ஒரு விரற்கிடை அப்பால் நகரும். பத்தாண்டில் அது ஒரு முழமாகும். அந்த ஒரு முழத்துக்காக வழக்காடி, இருந்த பரப்பையும் விற்றுச் செலவழித்தவர் கதை நம் ஊர்களில் ஏராளம். அயலான் பக்கம் அரக்கினால் கேட்பதற்கு அயலான் இருக்கிறான். ஒழுங்கைப் பக்கம் அரக்கினால் கேட்பவர் யார்? வெள்ள வாய்க்கால் பக்கம் அரக்கினால் கேட்பவர் யார்? ஊருக்குப் பொதுவானதைக் காப்பதற்கென்று நாம் ஏற்படுத்தி வைத்திருக்கும் அமைப்பு உள்ளூராட்சிச் சபை. அச்சபையின் கையிலுள்ள கோல் உபவிதி.

உபவிதி என்றதும் நம்மவர் முகஞ் சுளிக்கின்றனர். கட்டட அனுமதிக்கு அலைவதும், சோலைவரி அறிவித்தலும், ஆடு மாடு பிடித்துக் கட்டுவதுமே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சற்று ஆழ்ந்து நோக்குவோமாயின், சட்டம் இயற்றும் அதிகாரத்திலே நம் வீட்டு வாசலுக்கு மிக அண்மையில் இருப்பது இந்த உபவிதி அதிகாரமே என்பது புலனாகும். சுயாட்சி வேண்டும் என்று முக்கால் நூற்றாண்டாகக் கேட்டு நிற்கும் ஓர் இனம், ஏற்கெனவே தன் கையில் விழுந்திருக்கும் சிறு துண்டு அதிகாரத்தை எவ்விதம் கையாளுகிறது என்று உலகம் கேட்குமானால், நாம் என்ன விடை கூறப் போகிறோம்?

இவ்வதிகாரம் நேற்று வந்ததன்று. 1871 ஆம் ஆண்டின் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டம் கிராமத்தவர் தம் பொதுக் கருமங்களுக்கு விதி செய்துகொள்ள இடமளித்தது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அதிகாரியின் எழுத்து மூலமான அங்கீகாரமின்றிக் கட்டடம் எழுப்பலாகாது என்றும், விதிப்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழ் பெறாமல் அதிற் குடிபுகலாகாது என்றும் விதித்தது. நகர சபைகளுக்கு 1939 இலும், மாநகர சபைகளுக்கு 1947 இலும் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள் வந்தன. யாழ்ப்பாணம் 1949 இல் மாநகரமாயிற்று. 1952 இல் மாதிரி உபவிதிச் சட்டம் நிறைவேறியது; அதன்படி அமைச்சர் ஆக்கி வெளியிடும் உபவிதிகளை ஒரு தீர்மானத்தினால் சபைகள் தமதாக்கிக் கொள்ளலாம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினாலே பிரதேச சபைகள் பிறந்தன.

இன்று சபை தானே உபவிதி ஆக்குவதற்கு வழி இதுவே. சபை உபவிதியை ஆக்கித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அமைச்சரின் அங்கீகாரம் பெற வேண்டும். வர்த்தமானியில் வெளிவர வேண்டும். தாய்ச் சட்டத்துக்கு முரணான உபவிதி நீதிமன்றில் நில்லாது. எனவே இது எல்லையற்ற அதிகாரமன்று. ஆயினும், வீதி, வாய்க்கால், சந்தை, கிணறு, கட்டடம், மயானம் என்று நம் அன்றாட வாழ்வு முழுவதையும் தொடும் அதிகாரம்.

இந்த அதிகாரத்தை மேலிருப்போர் படிப்படியாக இழுத்துக் கொண்டதும் உண்மையே. 1978 ஆம் ஆண்டின் சட்டத்தினாலே நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. அபிவிருத்திப் பிரதேசமென்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களிலே கட்டட அனுமதி கொழும்பிலுள்ள அந்த அதிகார சபைக்குரியதாயிற்று. நம் சபைகள் அது கையளித்த அதிகாரத்தைக் கொண்டே அனுமதி வழங்குகின்றன. பதின்மூன்றாவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாண சபையின் கீழ் வைத்தது. வட மாகாண சபையோ 2013 இல் முதன்முறையாகத் தெரிவு செய்யப்பட்டு, 2018 ஒக்டோபரிற் காலாவதியாயிற்று. 2025 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபொழுதும் அதன் ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சிற் கலைந்தன. பணமில்லை என்ற சாட்டில் தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6 ஆந் திகதியே வாக்களிக்க முடிந்தது. இரண்டாண்டுக்கு மேலாக நம் வீதிகளையும் வாய்க்கால்களையும் செயலாளர்களும் ஆணையாளர்களும் ஆண்டனர். போர்க்காலத்திலும் இவ்விதமே ஆண்டுக்கணக்காக நடந்தது.

கொழும்பு நம்மிடமிருந்து பறித்ததைப் பற்றிப் பேசுவது நம் கடமை. ஆனால், பறிக்கப்படாது எஞ்சியிருப்பதை நாம் என்ன செய்தோம் என்பதையும் பேசத்தான் வேண்டும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், நமக்குக் கதி சுண்ணாம்புக் கல்லின் கீழ் நிற்கும் நிலத்தடி நீரே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை குளத்திலும் கேணியிலும் தோட்டத்திலும் தங்கிக் கீழிறங்கினால்தான் சித்திரையில் வெங்காயத்துக்கு இறைக்கலாம். வெடிப்பும் குகையுமுள்ள இக்கல்லினூடாக நீர் இறங்குவதுபோலவே அழுக்கும் விரைந்து இறங்கும். நகரத்திலே வீட்டுக்கு வீடு மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டுமென்பது நம் நாட்டில் எல்லாரும் அறிந்த கணக்கு. ஆனால் காணிகள் ஒவ்வொரு பரப்பாகத் துண்டாடி விற்கப்படுகின்றன. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். ஏறக்குறைய 2,720 சதுர அடி. அதாவது பக்கத்துக்கு 52 அடி. அதற்குள் வீடும் கிணறும் குழியும் அமைப்பவன் தன் கிணற்றுக்கே 50 அடி விடுவது அரிது. அயலவன் கிணற்றுக்கு எப்படி விடுவான்?

படம் கீறியவர் தன் காணியின் குழியைக் காட்டினார். அயற்காணிக் கிணற்றைக் காட்டவில்லை. உத்தியோகத்தர் படத்தைப் பார்த்தார்; காணியைப் பார்க்கவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது. கிணற்று நீர் மட்டும் கெட்டது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டி நிற்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக் காட்டிவிட்டனர். மலக்குழியோடு, தோட்டத்திற் கொட்டும் யூரியாவுக்கும் அதிலே பங்குண்டு என்பதைக் கமக்காரரும் மறைத்தலாகாது. கொழும்பிலிருந்து வந்த மாதிரி உபவிதிக்கு நம் சுண்ணாம்புக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? அதைத் தெரிந்தவர்கள் நாம். நமக்கேற்ற உபவிதியை ஆக்கும் உரிமையும் நமக்குண்டு. கூட்டுக் குழியோ, அடிப்பக்கம் அடைத்த தொட்டியோ, காணி துண்டாடுவதற்கு ஒரு குறைந்த அளவோ, எது தகுமென்று நிபுணரைக் கேட்டு விதியாக்குவதற்கு எத்தனை சபைகள் முயன்றன?

வெள்ளத்தின் கதையும் இதுவே. 2020 டிசம்பரில் புரெவிப் புயலோடு வந்த மழையில் யாழ்ப்பாணம் நீரில் மிதந்தது. இயற்கையின் சீற்றம் என்றோம். வானம் பொழிந்தது உண்மை. ஆனால் வாய்க்காலை மூடியது வானமா? குளத்தை நிரவிக் கடை கட்டியது புயலா? வாய்க்காலுக்கு மேற் படி கட்டியவரும் நாம். குளக்கரையை அரக்கியவரும் நாம். அதற்கு அனுமதி கொடுத்தவரும், கொடுக்காமற் கண்ணை மூடிக்கொண்டவரும் நம்மவரே.

இனி ஒழுங்கையைப் பாருங்கள். நம் ஒழுங்கைகள் மாட்டுவண்டிக் காலத்து ஒழுங்கைகள். நோயாளியை ஏற்ற வரும் வண்டி சந்தியில் நிற்க, கட்டிலோடு தூக்கிச் செல்லும் இடங்கள் இன்னும் உண்டு. வீதிக் கோடு என்று சட்டம் சொல்வதன் பயன் இதுவே: இன்று ஒருவன் மதிலையோ வீட்டையோ புதிதாகக் கட்டும்பொழுது கோட்டுக்கு உள்ளே ஒதுங்கிக் கட்டுவான், நாளை அடுத்தவன் ஒதுங்குவான், ஒரு தலைமுறையிலே, எவருடைய வீட்டையும் இடிக்காமல், ஒழுங்கை வீதியாகிவிடும். ஆனால் வெளிநாட்டுப் பணத்தில் எழும் மதில் ஒன்று கோட்டை மதியாது எழுமாயின், அடுத்த ஐம்பதாண்டுக்கு அந்த ஒழுங்கைக்கு விமோசனமில்லை. கதியாலைப் பிடுங்கி நடலாம். கொங்கிறீற்றைப் பிடுங்கி நட முடியுமா?

இங்கேதான் நீதி பற்றிய கேள்வி எழுகிறது. கிடுகுக் கொட்டிலின் வாசலில் அறிவித்தல் ஒட்டும் கை, மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் ஏன் நடுங்குகிறது? தெருவோரத்திலே மரக்கறி பரப்பியிருக்கும் கிழவியின் கடகத்தைத் தூக்கும் வாகனம், நடைபாதையை விழுங்கிய கடையின் முன்னாலே ஏன் நிற்பதில்லை? பொது இடம் என்பது எல்லார்க்கும் பொது. இதை ஏற்றுக்கொள்வதற்கே நம் சமுதாயத்துக்கு நெடுங்காலஞ் சென்றது. பொதுக் கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் மனிதரைத் தடுப்பது குற்றமென்று 1957 இல் சட்டம் செய்யவேண்டியிருந்தது. அதன் பின்னரும் போராட வேண்டியிருந்தது. அன்று பிறப்பைப் பார்த்து வழி மறித்தோம். இன்று பணத்தைப் பார்த்து வழி விடுகிறோம். விதி ஆள் பார்த்து வளையுமானால், இரண்டும் ஒன்றே.

இதனால் நமக்கு வரும் நட்டம் ஒழுங்கையோடு முடிவதன்று. வலிகாமம் வடக்கில் 1990 முதல் மக்கள் தம் காணிகளை இழந்து நின்றனர். இன்னும் முற்றாக மீட்கவில்லை. தையிட்டியிலே தங்கள் காணியில் விகாரை எழுந்துவிட்டதென்று உரிமையாளர்கள் முறையிட்டு நிற்கின்றனர். அங்கே நாம் எழுப்பும் கேள்வி யாது? “உறுதி எங்கே? எல்லை எங்கே? அனுமதி எங்கே?” என்பதன்றோ? நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பவன் தன் மதிலுக்கு அனுமதி பெற்றவனாக, தன் வேலியை அரக்காதவனாக இருக்க வேண்டாமா? படைபலம் உள்ளவன் சட்டத்தை மதிக்காவிடினும் வாழ்ந்து விடுவான். பலமற்ற இனத்துக்குச் சட்டமே காப்பு. அதை நாமே ஓட்டையாக்கினால் யாரிடம் போய் முறையிடுவது?

“விதி கூடினால் இலஞ்சம் கூடும்” என்பர் சிலர். அனுபவத்திற் பிறந்த பேச்சு, தள்ளிவிட முடியாது. ஆயினும் இலஞ்சம் வளர்வது விதியினாலன்று. விதியை மக்கள் அறியாமையினால். தெரியாத விதிக்கு உத்தியோகத்தர் வைத்ததே விலை. வர்த்தமானியில் வெளிவந்து அலுமாரியில் உறங்கும் உபவிதி, மக்களுக்குச் சட்டமன்று, பொறி. தமிழ் நிருவாக மொழியாக இருக்கவேண்டும் என்று இத்தனை பாடுபட்டோமே, நம் சொந்தச் சபையின் உபவிதியை நல்ல தமிழில், கமக்காரன் வாசித்து விளங்கும் தமிழில், எந்தச் சபை அச்சிட்டுக் கையிற் கொடுத்தது?

“ஆளணி இல்லை” என்பர் வேறு சிலர். அறிவிப்புப் பலகை தொங்கவிட ஆளணி வேண்டியதில்லை. எனவே 2025 இல் நம் வாக்கினாற் பதவியேற்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, உங்கள் சபையில் இன்று நடைமுறையிலுள்ள உபவிதிகள் யாவற்றையும் எளிய தமிழில் அச்சிட்டு, சபை வாசலிலும் வாசிகசாலையிலும் வையுங்கள். இரண்டாவது, கட்டட விண்ணப்பங்களின் பட்டியலை, வந்த திகதி, முடிந்த திகதி, மறுத்ததாயின் காரணம் என்பவற்றோடு மாதந்தோறும் பலகையில் இடுங்கள். மூன்றாவது, குளம், வாய்க்கால், ஒழுங்கை ஆகியவற்றின் எல்லைகளை நில அளவையாளரைக் கொண்டு அளந்து கல் நாட்டுங்கள். கிணற்றையும் குழியையும் பற்றி நம் மண்ணுக்கேற்ற உபவிதி ஒன்றை வரையுங்கள். நான்காவது, விதியை முதலில் உங்கள் வீட்டு மதிலிலும் உங்கள் கட்சிக்காரர் கடையிலும் நடைமுறைப்படுத்துங்கள். இந்த நான்காவதைச் செய்தால் மற்றை மூன்றும் தாமே நடக்கும்.

கற்றவர்களுக்கும் ஒரு சொல். சட்டத்தரணிகளே, பொறியியலாளரே, நில அளவையாளரே! விதியிலுள்ள ஓட்டையைக் காட்டிக் கொடுப்பதற்கு நீங்கள் பெறும் கூலி, உங்கள் பிள்ளை குடிக்கும் கிணற்றில் வந்து விழுகிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. கேட்கத் தெரியாதவனுக்காக நீங்கள் கேளுங்கள். கமக்காரருக்கும் ஒரு சொல். இந்த மாரியில் வேலி அடைக்கும்பொழுது, ஒழுங்கைப் பக்கத்துக் கதியாலைப் பழைய குழியிலேயே நாட்டுங்கள்.

நாட்டை ஆளும் உரிமையைக் கேட்பவர்கள் ஒழுங்கையை ஒழுங்காக ஆண்டு காட்ட வேண்டும். அதைச் செய்வதற்கு எவருடைய அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை.