கையைப் பிடித்துத் தூக்காதீர்

வில்லியனூர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலைப் பொழுதில் நாம் கண்ட காட்சியோடு இம்மாதம் தொடங்குகிறோம்.

இளந்தாய் ஒருத்தி, ஒரு கையில் பையும் மறுகையில் இரண்டு வயது மகனுமாகப் பேருந்திலிருந்து இறங்கினாள். படியிலே தயங்கிய பிள்ளையை, மணிக்கட்டைப் பற்றி ஒரே வீச்சில் தூக்கிக் கீழே விட்டாள். பிள்ளை வீறிட்டது. சற்று நேரத்தில் அழுகை அடங்கியது. ஆனால் அந்தக் கை மட்டும் அசைவற்று உடலோடு ஒட்டித் தொங்கியது. "சுளுக்குதாம்மா, எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடும்" என்றார் அருகிலிருந்த மூதாட்டி ஒருவர். நல்லவேளையாகத் தாய் அதற்கு இணங்கவில்லை. அவளுடன் நாமும் மருத்துவரிடம் சென்றோம்.

"கீழே விழுந்தானா?" என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. "இல்லீங்க, கையைப் பிடிச்சுத் தூக்கினேன்" என்றாள் தாய். அவர் பிள்ளையின் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை மெல்ல மடக்கினார். 'டக்' என்று சிற்றொலி கேட்டது. பத்து நிமிடங்களில் அதே கை பிஸ்கட்டுக்காக நீண்டது!

நடந்தது இதுதான். முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. அவற்றுள் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் தலையை, முழங்கையருகே ஒரு தசைநார் மோதிரம்போல் வளைத்துப் பிடித்திருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இம்மோதிரம் இறுகியிராது. கையைப் பற்றி வெடுக்கென இழுத்தால் எலும்பின் தலை அதனின்று நழுவ, மோதிரம் இடையிலே சிக்கிக்கொள்ளும். விழுந்து அடிபட்ட கையாயின் எலும்பு முறிந்திருக்கக் கூடும். அதைத் திருப்பவோ மடக்கவோ கூடாது. மருத்துவர் முதலில் அதைக் கேட்டது இதனாலன்றோ?

இனி, கை உடலோடு எவ்வாறு இணைந்துள்ளது என்று பார்ப்போம். கை முழுவதும் எலும்பால் உடலைத் தொடுவது ஒரே ஓரிடத்தில்தான்: காறை எலும்பு மார்பெலும்பைச் சந்திக்கும் இடத்தில். தோள்பட்டை எலும்போ முதுகின்மேல் தசைகளால் தாங்கப்பட்டு மிதக்கிறது. அதிலுள்ள குழிவு மிக ஆழமற்றது. அகல் விளக்கின்மேல் வைத்த எலுமிச்சம்பழம்போல் மேற்கை எலும்பின் தலை அதில் பொருந்தியிருக்கிறது. உருண்டு விழாதபடி நான்கு சிறு தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொள்கின்றன. பாகூரில் கரும்புக்கட்டைத் தலைக்குமேல் உயர்த்துபவர் கையை எத்திசையிலும் சுழற்ற முடிவது இந்த ஆழமின்மையாலேயே. உடலின் பெரிய மூட்டுகளில் மிகுதியாக நழுவுவதும் இதுவே.

தோள் நழுவியவரைக் கிடத்தி, அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. தோளின் வெளிப்புறத் தசையை இயக்குவது அதுவே. எலும்பு முறிந்துள்ளதா என்றறியாமல் இழுத்தால் அந்நரம்பும் சிதையலாம். கையைத் துணியால் மார்போடு கட்டி, கோரிமேடு ஜிப்மருக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுசெல்வதே முறை.

கையின் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, காறை எலும்பின் பின்னே பின்னிப் பிணைந்து அக்குள் வழியே இறங்குகின்றன. இருசக்கர வண்டியிலிருந்து தூக்கியெறியப்படுவோருக்குத் தலை ஒருபுறமும் தோள் மறுபுறமுமாகத் திருகி, இவ்வேர்கள் அறுவதுண்டு. அறுந்த நரம்பு மீண்டும் வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல்நுனி 70 சென்டிமீட்டர் எனில், கணக்கு நீங்களே போடுங்கள். அதற்குள் தசை வற்றிவிடும். ஆகவே அறுவைச் சிகிச்சை வேண்டுவோர் சில மாதங்களுக்குள் செல்ல வேண்டும். (குடித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டு உறங்குவோருக்கு மணிக்கட்டு தொங்கிவிடும் நோய் வேறொன்று உண்டு. மேனாட்டு மருத்துவர் இதற்குச் 'சனிக்கிழமை இரவு வாதம்' என்று பெயரிட்டுள்ளனர். நம் புதுவையில் அதற்குச் சனிக்கிழமை வரை காத்திருப்போர் குறைவு!)

முழங்கையை மேசையில் இடித்தால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த நரம்பைத்தான் தொழுநோய் பெரிதும் தாக்குகிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து இதனை ஆராய்ந்தார். விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை; வலி தெரியாமையால் சூடும் காயமுமே அவற்றை அழிக்கின்றன என்று கண்டார். உறக்கத்தில் எலி கடித்தும் உணராத நோயாளிகளுக்குப் பூனைகளைத் துணையாகக் கொடுக்கும்படி ஆயிற்று. முன்கையில் நல்ல நிலையிலிருந்த தசைகளின் நாண்களை விரல்களுக்கு மாற்றித் தைத்து, மடங்கிய கைகளை அவர் நிமிர்த்தினார். இன்று 6 அல்லது 12 மாத மருந்து இந்நோயைக் குணப்படுத்துகிறது; அரசு அதனை இலவசமாகவே தருகிறது. உணர்ச்சியற்ற வெளிறிய தேமலோ, சுண்டுவிரலில் மரத்துப்போதலோ கண்டால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

வில்லியனூர்ப் பிள்ளைக்கு வருவோம். ஐந்து வயதுவரை அந்தக் கை மீண்டும் நழுவக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். திரும்பும் வழியில் அத்தாய் மகனை இரு அக்குள்களிலும் கைகொடுத்துத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினாள். நடத்துநர்தாம் சற்றுப் பொறுமையிழந்து விசில் ஊதினார்.