மந்திரம் ஏறிய வாளும் பெயர் ஏறிய பையும்

வடாலாவின் மாணவர் விடுதிகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் விளக்கெரிந்தால், அது பாடத்திற்காகத்தான் எரிகிறது என்று ஊரிலுள்ள பெற்றோர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையைக் குலைப்பது என் நோக்கமன்று. ஆயினும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? பல அறைகளில் அந்நேரம் நடப்பது படிப்பன்று. வாளுக்கு மந்திரம் ஏற்றுகிறார்கள்!

2011 நவம்பரில் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டை அறியாத மாணவர் நம்மில் சிலரே. பனிமலையும் பறவை நாகமும் நிறைந்த அந்தக் கற்பனை நாட்டில் மந்திரமேற்றல் ஒரு தனிக் கலை. பொருள் ஒன்று வேண்டும். உயிரை அடைத்து வைத்த கல் ஒன்று வேண்டும். ஏற்ற வேண்டிய மந்திரமும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால், வெறும் இரும்பு நெருப்பைக் கக்கும். விரலில் போட்ட மோதிரம் உடலுக்கு வலிமை தரும்.

“வீண் வேலை! வெறும் மாயம்!” என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவை அட்டை கிழியும் வரை படித்தவர்கள் யார்? 1951இல் வந்த ‘பாதாள பைரவி’ படத்தில் கேட்டதையெல்லாம் கொடுக்கும் பதுமையைக் கண்டு வாய் பிளந்தவர்கள் யார்? நம் தாத்தாக்களும் பாட்டிகளும் அல்லவா? மந்திரப் பொருளில் மனம் மயங்குவது நேற்று முளைத்த நோயன்று. ஆகவே விளையாடுகிறவரைப் பழிக்க நான் பேனா எடுக்கவில்லை. விளையாடுகிறவர் அங்கே கற்றதை இங்கே ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கவே எடுத்தேன்.

அங்கே கற்பது என்ன? முதலாவது, அறிவுக்கு விலை உண்டு. ஒரு மந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அம்மந்திரம் ஏறிய பொருள் ஒன்றை மேடையில் வைத்து அழிக்க வேண்டும். பொருளும் இருக்கட்டும், அறிவும் வரட்டும் என்றால் நடக்காது. இரண்டாவது, திறமை படிப்படியாகத்தான் வளரும். நூறாம் படியை எட்டினால்தான் ஒரே பொருளில் இரண்டு மந்திரங்களை ஏற்றும் தேர்ச்சியைப் பெற முடியும். மூன்றாவது, ஆற்றல் இலவசமன்று. வாளின் மந்திரம் வீசவீசக் குறையும். மீண்டும் ஓர் உயிர்க்கல்லைச் செலவிட்டால்தான் நிரம்பும்.

இவற்றினும் எனக்கு வியப்பூட்டியது அதன் வாணிகம். இரும்புக் குத்துவாள் செய்ய ஒரு இரும்புப் பாளமும் ஒரு தோல்வாரும் போதும். அதன் அடிப்படை விலை 10 பொற்காசு. அதே வாளில் நல்ல மந்திரம் ஒன்றை ஏற்றிவிட்டால் விலை நூற்றுக்கணக்கில் தாவுகிறது! இரும்பு மாறவில்லை, எடை மாறவில்லை, விலை மட்டும் விண்ணுக்குப் போகிறது. இந்த வித்தையை அறியாத விளையாட்டுக்காரர் இல்லை.

இந்த இடத்தில்தான் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீடு தாராவி. கல்லூரியில் சேர்ந்த புதிதில், “அப்பா என்ன செய்கிறார்?” என்று யாரோ கேட்டபோது, “பிசினஸ்” என்று சொல்லிப் பேச்சை மாற்றியவர். ஒரு நாள் எங்கள் அறையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடியவர் தோல் பதனிடும் சட்டத்தின் முன் போய் நின்றார், ஒரே அழுத்து, விலங்கின் தோல் பதமான தோலாயிற்று. மற்றோர் அழுத்து, அது வார்களாயிற்று. நண்பர் சிரித்துவிட்டார்.

“ஒரு அழுத்தில் வார் வந்துவிட்டதா? எங்கள் அப்பாவிடம் வந்து பாரப்பா!” என்றார்.

அப்புறம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரையே கேட்டுக்கொண்டிருந்தோம். தோலின் எந்தப் பகுதி இழுத்தால் நீளும், எது நீளாது. மடிக்கும் ஓரத்தை எவ்வளவு சீவி மெலிதாக்க வேண்டும். பசை எந்த அளவு காய்ந்தபின் ஒட்ட வேண்டும். ஒரு தையல் தவறினால் துளை மறையாது, ஆகவே துணியைப்போல் பிரித்துத் தைக்க இயலாது. அரைமணி நேரம் பேசினார். மூன்று ஆண்டுகளாக ‘பிசினஸ்’ என்னும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்த கலை அன்றிரவு வெளிவந்தது.

“அப்பா தைத்த பை எந்தக் கடையில் கிடைக்கும்?” என்று கேட்டேன்.

“எந்தக் கடையில் என்று அப்பாவுக்கே தெரியாது. பெயர் இல்லாமல் போகும், போன இடத்தில் பெயர் போட்டுக்கொள்வார்கள்” என்றார்.

நண்பர்களே, மந்திரமேற்றல் என்பது இதுதானன்றோ? தோல் அதே தோல்; தையல் அதே தையல். பெயர் ஒன்று பொறிக்கப்பட்டதும் விலை தாவுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு. ஸ்கைரிமில் தோலை வாராக்குவதும், வாளை அடிப்பதும், மந்திரம் ஏற்றுவதும், சந்தையில் விற்பதும் ஒரே ஆளாகலாம். பொற்காசும் அவர் பையிலேயே விழும். தாராவியில் தைப்பவர் ஒருவர். பெயர் ஏற்றுபவர் வேறொருவர். தாவிய விலையில் தைத்தவருக்குக் கிடைப்பது சிறு துளி.

இது இன்றைய கதையன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். பதனிடும் தொட்டிகள் பிற்காலத்தில் அங்கிருந்து அகன்றன. பையும் வாரும் தைக்கும் கைகள் அகலவில்லை. அக்கைகளுக்குரிய பெயரோ இன்னும் பொருளின்மேல் ஏறவில்லை.

பெயரின் மந்திரம் எத்தகையது என்பதை 2025 ஜூனில் உலகமே பார்த்தது. இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரில் காட்டிய செருப்பு, நம் மாநிலத்துக் கோலாப்பூர்ச் செருப்பையே ஒத்திருந்தது. 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. ஆயினும் கோலாப்பூரின் பெயர் முதலில் சொல்லப்படவில்லை. எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகே, இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. குரல் எழுந்தது, பெயர் கிடைத்தது. குரல் எழாவிட்டால்?

“பெயரை வளர்ப்பதும் உழைப்புதானே? வடிவமைப்பு, விளம்பரம், வாங்குவோரின் நம்பிக்கை, இவையெல்லாம் சும்மா வருமா?” என்று வணிகவியல் படிக்கும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சும்மா வராது. மந்திரம் ஏற்றுவது திறமை என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் ஸ்கைரிமை நான் சரியாக விளையாடவில்லை என்று பொருள்! ஆனால் அந்த விளையாட்டே இன்னொன்றையும் சொல்கிறது. சாதாரணக் கல்லில் விலங்கின் உயிர்தான் அடங்கும். மனித உயிரை அடைக்கக் கறுப்புக் கல் வேண்டும். அந்தக் கல்லைக் கையில் எடுக்கும்போது, இதில் ஒளிர்வது இன்னொருவரின் உயிர் என்பது ஆடுகிறவருக்குத் தெரியும். கடையில் பளபளக்கும் பையை எடுக்கும்போது நமக்குத் தெரிகிறதா?

நம் இலக்கியத்திலும் மந்திரப் பொருள் உண்டு. மணிமேகலையின் அமுதசுரபியை அறியாதார் யார்? எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரம் முன்னர் ஆபுத்திரன் கையில் இருந்தது. ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டபோது, பிறர்க்கு உதவாத பாத்திரத்தால் தான்மட்டும் உண்ண மனமின்றி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். பின்னர் மணிமேகலை கையில் வந்தபோதும், ஆதிரை இட்ட முதற்பிச்சை அதில் விழுந்த பின்னரே அது பசி தீர்க்கத் தொடங்கியது. இட்டவள் பெயரைக் காப்பியம் மறைக்கவில்லை. இன்றும் ஆதிரை என்கிறோம்.

ஆகவே நான் வேண்டுவது பெரிதன்று. இரவெல்லாம் குத்துவாளுக்கு மந்திரம் ஏற்றும் கைகள், விடுமுறையில் ஒரு நாள் உண்மையான பைக்கு மந்திரம் ஏற்றட்டும். வடிவமைக்கத் தெரிந்தவர் பெயர்ச்சீட்டு வரையுங்கள். கணினி கற்றவர் விற்பனைத் தளம் அமையுங்கள். வணிகம் கற்றவர் கணக்குப் போட்டுக் கொடுங்கள். அடுத்த பொங்கல் விழாவில் நம் சங்கம் ஒரு கடை போடட்டும். அங்கு விற்கும் ஒவ்வொரு பையிலும் தைத்தவர் பெயர் தமிழில் இருக்கட்டும். மிஞ்சும் காசு அவருக்கே போகட்டும். முதல் பையில் யார் பெயர் என்பதை நான் முடிவு செய்துவிட்டேன். நண்பரிடமும் கேட்டுவிட்டேன்.

“அப்பா பெயரைப் போடலாமா?” என்றதற்குச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இனிஷியலோடு போடு” என்றார்.