'வரை' எண்ட சொல்லை நம்பாதேங்கோ

"24 எம்பிபிஎஸ் வரை" எண்டு விளம்பரத்தில பெரிசாப் போடுவாங்கள். இலக்கம் கண்ணில படும், 'வரை' படாது.

ரெலிபோன் லைனில வாற ஏடிஎஸ்எல் இணைப்பின்ர புதிய வகைக்கே 24தான் உச்சம். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடுகளுக்குத்தான் அதுக்குக் கிட்டவாவது வரும். செம்புக் கம்பி நீள நீள சமிக்ஞை தேயும். நாலைந்து கிலோமீற்றர் தள்ளிப் போனால் மிஞ்சுவது ஒருசில எம்பிபிஎஸ்தான். கம்பெனி தரும் மதிப்பீடு பெரும்பாலும் இந்த நீளத்தை வச்சுப் போடுற கணக்கு. கறள் பிடிச்ச மூட்டும், வீட்டுக்குள்ள ஓடுற பழைய வயரும், இரவு நெரிசலும் அதுக்குத் தெரியாது.

கம்பியின் குணத்துக்கு ஆரையும் திட்டேலாது. ஆனால் அதை மறைச்சு விக்கிறதுக்குத் திட்டலாம், சட்டமும் போடலாம். பிரித்தானியாவைப் பாருங்கோ. அங்கே முன்பு பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே அந்த வேகத்தை விளம்பரப்படுத்தலாம். 2018 மே மாதம் விதி மாறியது: இரவு 8 முதல் 10 மணிவரை, நெரிசல் நேரத்தில், பாதிப் பேருக்காவது கிடைக்கவேண்டும். 2019 மார்ச்சிலிருந்து, ஒழுக்கக்கோவையில் இணைந்த நிறுவனங்கள் குறைந்தபட்ச வேகத்தை முதலே சொல்லவேண்டும். அதற்குக் கீழே போய், 30 நாளில் திருத்தாவிட்டால், தண்டம் கட்டாமலே விலகலாம். இத்தனைக்கும் அப்ப பெரும்பாலும் ஓடினது அதே செம்புக் கம்பிதான்.

ஆகவே ஆகக்கூட எவ்வளவு எண்டு கேக்காதேங்கோ. ஆகக்குறைஞ்சது எவ்வளவு, அதை எழுத்தில தருவியளோ எண்டு கேளுங்கோ.